அசையாப் புள்ளி அசைந்தது என்று எழுதிய எங்கள் மில்லியம்மாவுக்கு

விண்ணில் விரையும் கோள்களின் கண்கொண்டு மண்ணின் மெலிவையும் பொலிவையும் மதிப்பிட்ட மாண்பினரே! மலை நகர்ந்தாலும் மயிரிழை நகர்ந்தாலும் ஒரே மரியாதையோடு குறித்துவைத்த பெருமாட்டியே! முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்களுக்கு மூத்தவராய், முன்னவராய், மூன்று முறை சரிபார்க்காத எந்தத் தாளையும் மேசைமேல் வைக்கவிடாத முரட்டுக் கண்டிப்பினராய் விளங்கிய அம்மையீர்! உங்கள் அறைக் கதவைத் தட்டும்முன் ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டுக்கொண்ட பதினேழு பேரின் பணிவான வணக்கம்.

பாராட்டு மடல் என்றால் பண்புகளை அடுக்க வேண்டும் என்பது மரபு. நாங்களும் அடுக்கித்தான் பார்த்தோம். காலந்தவறாமை, கடமையுணர்வு, கனிவு என்று முதல் வரைவு கம்பீரமாகவே அமைந்தது. படித்துப் பார்த்தால் அதில் யாரை வேண்டுமானாலும் உட்காரவைக்கலாம் போலிருந்தது, உங்களைத்தான் காணோம். அதிலும் 'கனிவு' என்ற இடத்தில் ஓட்டுநர் அண்ணன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டோம்.

ஆகவே, அம்மையீர், சற்றே பொறுத்தருள்க. உங்களை முன்வரிசையில் உட்காரவைத்துக்கொண்டே அவையோரைப் பார்த்து உங்கள் கதையைச் சொல்லப்போகிறோம். நடுவில் எழுந்து திருத்தம் சொல்லக் கூடாது. அந்த உரிமை இன்று ஒருநாள் மட்டும் உங்களுக்கு இல்லை.

அவையோரே! எங்கள் மையத்தில் இந்த அம்மையாரின் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாயிற்காவலருக்குக்கூடத் தெரியாது. மில்லியம்மா என்றால்தான் தெரியும். சென்டிமீட்டர் என்ற சொல்லையே அவர் சோம்பேறிகளின் அளவை என்று ஒதுக்கிவைத்திருந்ததால் வந்த பெயர் அது. பூமி என்பது பள்ளிக்கூட மேசையில் சுழலும் உருண்டை அல்ல, அது ஏறும், இறங்கும், வீங்கும், வற்றும் என்பதைக் கண்காணிப்பது எங்கள் வேலை. அதற்கு இரண்டு வகைச் செயற்கைக்கோள்கள் உண்டு. ஒருவகை, சில நாளுக்கு ஒருமுறை நம் தலைக்குமேல் வந்து ரேடார் அலையை வீசி, போனமுறைக்கு இம்முறை தரை எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று பார்க்கும். இன்னொரு வகை இரட்டையர். ஒன்றன்பின் ஒன்றாய்ப் பறப்பார்கள். கீழே கனமான பகுதி வந்தால் முன்னால் போகிறவரை அது சற்று அதிகமாக இழுக்கும், இருவருக்கும் நடுவே இடைவெளி விரியும். அந்த இடைவெளியைக் கொண்டு பூமிக்குள் எங்கே தண்ணீர் கூடியது, எங்கே குறைந்தது என்று எடைபோட்டுவிடலாம்.

ஆனால் ஏற்ற இறக்கம் அளக்க ஒரு நிலையான புள்ளி வேண்டும். அது அசையாது என்று வைத்துக்கொண்டுதான் மற்றதையெல்லாம் அளக்க முடியும். பதினொரு ஆண்டுகளுக்கு முன் மில்லியம்மா அந்தப் புள்ளிக்கு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் மொட்டைமாடியைத் தேர்ந்தெடுத்தார். பாறைமேல் கட்டிய பழைய கட்டடம். அங்கே மூன்று உலோகத் தகடுகளை மூலைபோலச் சேர்த்து ஒரு பிரதிபலிப்பானை நிறுவினார். வரைபடத்தில் அந்த இடத்துக்கு எண் பூச்சியம். ஆண்டுதோறும் பூச்சியம். அது பூச்சியம்தானா என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் பூச்சியம் என்று வைத்ததே நாங்கள்தானே.

ஐந்தாண்டு அளந்தபின் அதிசயம் ஒன்று தெரிந்தது. ஊரே உயர்ந்துகொண்டிருந்தது! ஆண்டுக்கு ஏழு மில்லிமீட்டர். அதே காலத்தில் நிலத்தடி நீர் வற்றிவருவதாக இரட்டையரும் சாட்சி சொன்னார்கள். மில்லியம்மா இரண்டையும் முடிச்சுப்போட்டார். மெத்தையில் படுத்திருந்தவர் எழுந்துபோனால் மெத்தை மேலெழும்புவது போல, தண்ணீரின் பாரம் போனதால் நிலம் எழும்புகிறது என்று கட்டுரை எழுதினார். கைதட்டல்! விருது! பட்டயம்! எங்கள் வரவேற்பறைச் சுவரில் அந்தப் பட்டயத்துக்கு ஆணி அடித்தபோது நாங்களும் எங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டோம்.

ஓய்வுக்கு இருபத்து மூன்று நாள் மிச்சமிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. ஊருக்கு வெளியே நாற்பது கிலோமீட்டரில், வெறும் பாறைமேல் வேறொரு துறையினர் இரண்டாண்டுக்கு முன் நட்டுவைத்த ஜி.பி.எஸ். இடங்காட்டிக் கம்பத்தின் அறிக்கை வந்துசேர்ந்தது. தரவுப் பிரிவுத் தோழி அதைக் கொண்டுபோய் மில்லியம்மாவின் மேசையில் வைத்தார்.

"மேடம், அந்தக் கம்பம் ரெண்டு வருஷத்துல நகரவே இல்லையாம். நம்ம மேப்புல அதே பாறை பதினாலு மில்லி ஏறியிருக்கு."

"அவங்க கம்பத்துல கோளாறு இருக்கும்."

"மூணு தடவை பார்த்துட்டேன் மேடம்."

மூன்று தடவை என்ற சொல்லுக்கு அந்த அறையில் ஒரு மதிப்பு உண்டு. மில்லியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாரம் நீங்கி எழும்பும் நிலம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் எழும்பாது. தண்ணீர் அதிகம் வற்றிய இடத்தில் அதிகம், தள்ளியிருக்கும் இடத்தில் குறைவு. எங்கள் வரைபடத்திலோ பாறையும் ஏழு, வயலும் ஏழு, ரயில் நிலையமும் ஏழு. இத்தனை ஆண்டு அந்த ஒழுங்கை அழகு என்று நினைத்திருந்தோம். அப்போதுதான் அது பிழையின் அடையாளம் என்று அவருக்குப் பட்டது.

"அந்தப் பாறையைப் பூச்சியமா வெச்சு மறுபடி ஓட்டுங்க," என்றார்.

கணினி ஒன்றரை மணிநேரம் எடுத்துக்கொண்டது. அவர் நாற்காலியில் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருந்தார். புதிய படம் திரையில் மேலிருந்து கீழாக விரிய விரிய, ஏற்றத்தைக் காட்ட ஊர் முழுக்கப் பூசியிருந்த நீலம் வெளுத்துக்கொண்டே வந்தது. வயல் நின்றது. ரயில் நிலையம் நின்றது. எதுவும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஒரே ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் மிஞ்சியது. அது ஆஸ்பத்திரி. ஊர் ஏறவில்லை. எதைக்கொண்டு ஊரை அளந்தோமோ அது இறங்கிக்கொண்டிருந்தது. எழுபத்தேழு மில்லிமீட்டர்.

"அய்யோ," என்றார் மில்லியம்மா. அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நாங்கள் அதுவரை கேட்டதில்லை.

மறுநாள் காலையில் ஓட்டுநர் அண்ணனோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். லட்ச லட்சமான கருவிகளையெல்லாம் விட்டுவிட்டு, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் நீளமான, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கடைத்தெருவில் வாங்கித் தண்ணீர் நிரப்பி எடுத்துக்கொண்டார். மாடியேறியதும் அவர் கண் முதலில் தேடியது பிரதிபலிப்பானை அல்ல, சலவைப் பிரிவு அக்காவை. அந்த அக்கா வழக்கம்போல முன்கட்டு மாடி முழுக்கப் போர்வைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம்! எத்தனை வருஷமாச்சு! அன்னிக்கு இங்க பெட்டியை வைக்கணும்னு நின்னீங்க. துணி காயப்போட நான் எங்க போறதுன்னு உங்களப் பின்பக்கம் வெரட்டிவிட்டேன், ஞாபகமிருக்கா?"

நன்றாக ஞாபகம் இருந்தது. முன்கட்டுதான் பாறைமேல் நின்றது. பின்கட்டு முப்பது வருடம் கழித்து, பழைய குட்டை ஒன்றைத் தூர்த்து எழுப்பியது. போர்வைக்காக நாற்பது அடி நகர்ந்தவர், 'பாறைமேல் அமைந்த கட்டடம்' என்று எழுதிய வாக்கியத்தை நகர்த்த மறந்துவிட்டார். ஒரே கட்டடம்தானே என்ற நினைப்பு. எத்தனையோ பேருடைய பிழையைச் சிவப்பு மையால் சுழித்தவர் செய்த பிழை அவ்வளவுதான்.

"பின்கட்டுல ஏதாச்சும் தொந்தரவு உண்டா அக்கா?"

"லிஃப்ட் கதவு மூணு வருஷமா சாத்தாது, காலால உதைப்போம். ஜன்னல் தொறந்தா மூடாது. ஆஸ்பத்திரின்னா அப்படித்தானே இருக்கும்!"

இரண்டு கட்டுகளையும் இணைக்கும் நடையில், சுவர் நெடுக எப்போதோ ஒரே மட்டமாய்த் தீட்டிய ஒரு பச்சைக் கோடு ஓடியது. குழாயின் ஒரு முனையை முன்கட்டில் ஓட்டுநர் அண்ணன் பிடித்தார், மறுமுனையைப் பின்கட்டில் இவர் பிடித்தார். முன்கட்டில் தண்ணீர் கோட்டோடு நின்றது. பின்கட்டில் கோட்டுக்கு மேலே நாலு விரற்கடை நின்றது. செயற்கைக்கோள் சொன்னதைக் குழாய்த் தண்ணீரும் சொல்லிவிட்டது. நிலத்தடி நீர் வற்றியது உண்மைதான். வற்றியபோது தூர்த்த மண் அமுங்கி, கட்டடத்தைத் தன்னோடு இழுத்துக்கொண்டிருந்தது. பின்கட்டின் இரண்டு மாடிகளிலும் அப்போது முப்பத்தெட்டு நோயாளிகள். எல்லாரும் சிறுநீரகப் பிரிவு.

அன்று பிற்பகல் இயக்குநர் அறை. இயக்குநர் இதோ மேடையில்தான் இருக்கிறார்; அவர் சம்மதத்தோடுதான் இதைப் படிக்கிறோம்.

"விருது வாங்கின ஆய்வை நீங்களே தப்புன்னு எழுதினா விசாரணை வரும். உங்க ஓய்வு ஆணை நின்னுடும். இருபத்திரண்டு நாள் கழிச்சு நானே மெதுவா எழுதுறேன்," என்றார் அவர். "பதினொரு வருஷமா இறங்கியும் நின்ன கட்டடம் இன்னும் இருபத்திரண்டு நாள் நிக்காதா?"

"நிக்கும்னு நீங்க கையெழுத்துப் போடுங்க சார். நான் காத்திருக்கேன்."

அவர் பேனாவைத் தொடவில்லை. அறைக்கு வெளியே நின்றிருந்த எங்களுக்கும் மூச்சுவிடப் பயமாயிருந்தது.

அன்று மாலை மில்லியம்மா நேரே வீட்டுக்குப் போகவில்லை, கணவர் கடைக்குப் போனார். முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். தையல்காரர். அங்குலத்தில் பிழைக்கும் மனிதருக்கும் மில்லிமீட்டரில் பிழைக்கும் மனுஷிக்கும் எப்படி இத்தனை காலம் ஒத்துப்போனது என்பது எங்கள் ஆராய்ச்சிக்கும் அப்பாற்பட்டது. அன்று நடந்ததை எங்களுக்குச் சொன்னவர் அவர்தான். வெட்டுமேசையின் ஓரத்தில் உட்கார்ந்து மில்லியம்மா எல்லாவற்றையும் சொன்னாராம்.

"இதுல என்ன புரியல? அளவு நாடா நுனி ஒரு இன்ச் அறுந்துபோனா ஊரே ஒரு இன்ச் குண்டாயிடும்," என்றார் கணவர்.

"சிரிக்காதீங்க. என் பேரு போயிடும்ங்க. முப்பத்து நாலு வருஷம். எனக்குப் பயமா இருக்கு."

அவர் கத்தரியைக் கீழே வைத்தாராம். பிறகு, "துணியைத் தப்பா வெட்டிட்டா அன்னிக்கே கூப்பிட்டுச் சொல்லிடுவேன். திட்டுவாங்க. வாங்கிக்குவேன். இது துணி இல்லையேம்மா, உள்ள ஆளுங்க படுத்திருக்காங்க," என்றாராம்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடிதம் போய்விட்டது. இயக்குநருக்கு, ஆஸ்பத்திரிக்கு, நகர நிர்வாகத்துக்கு, விருது கொடுத்தவர்களுக்கு. ஒரே பக்கம். பின்கட்டு இறங்குகிறது, உடனே காலி செய்க, என் கட்டுரை தவறு, பிழை என்னுடையது மட்டுமே என்று நான்கே செய்தி. கடிதத்தை அனுப்பிவிட்டு அறையில் உட்கார்ந்திருப்பவரா அவர்? பத்து மணிக்கு ஆஸ்பத்திரி நடையில் நின்றார்.

கண்காணிப்பாளர் டாக்டர் கொதித்துப்போயிருந்தார். "நெனச்ச நேரத்துல தூக்கிட்டு ஓட இது என்ன சூட்கேஸா? ஒவ்வொரு மெஷினுக்கும் தண்ணி லைன், கரண்ட் லைன் இருக்கு. பதினொரு வருஷமா நீங்கதானே நல்லா இருக்குன்னு சொன்னீங்க?"

"ஆமா டாக்டர், நான்தான் சொன்னேன். தப்பாச் சொன்னேன். இப்ப சரியாச் சொல்றேன்."

டாக்டர் செவிலியர்களைக் கூப்பிட்டார். கட்டில்கள் நகரத் தொடங்கின. அன்று இருபத்தொருவர் முன்கட்டுக்கும் மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் போனார்கள். ஒவ்வொரு கட்டில் தாண்டும்போதும் மில்லியம்மா நோட்டில் ஒரு கோடு கிழித்தார். வெள்ளிக்கிழமை பகலில் பதினாறு பேர். மூன்று மணிக்கு ஒரே ஒருவர்தான் மிச்சம், ஒரு ஆட்டோ ஓட்டுநர். அவருக்கு உடம்பு சட்டென்று மோசமாகிவிட்டதால், கடைசியாக இருந்த இயந்திரத்தில் அங்கேயே ரத்தத்தைச் சுத்திகரிக்கத் தொடங்கியிருந்தார்கள். பாதியில் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. இன்னும் இரண்டரை மணிநேரம் ஆகும் என்றார்கள்.

எங்களில் மூவர் அப்போது வெளி வாசலில் நின்றோம். வந்துவிடுங்கள் என்று கையாட்டினோம், கெஞ்சினோம். அவர் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அந்தக் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டார். செவிலியர் ஒருவர், நோயாளி, இவர். அந்தப் பெரிய கூடத்தில் மூன்றே பேர். எங்கேயோ ஜன்னல் சட்டம் ஒன்று கிறீச்சிட்டது. மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"நீங்க யாரு டாக்டரா?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்லீங்க. இந்தக் கட்டடம் அசையலைன்னு எழுதின ஆளு."

"அப்ப வெளிய போய் நில்லுங்கம்மா. நான் நகர முடியாது, நீங்க நகரலாமே. பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு. நீங்க முடிச்சதும் சேர்ந்து போலாம்."

இரண்டரை மணிநேரம். ஆட்டோக்காரர் தம் இரண்டு பெண்களைப் பற்றிப் பேசினார், பெட்ரோல் விலையைத் திட்டினார், இவரைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். இவருடைய கண் கூடத்துச் சுவரிலும் ஓடிய அந்தப் பச்சைக் கோட்டைவிட்டு அகலவில்லை. ஐந்தரை மணிக்கு ஊசியை எடுத்தார்கள். கட்டில் நடையைத் தாண்டியதும் முப்பத்தெட்டாவது கோட்டைக் கிழித்துவிட்டு மில்லியம்மா சுவரோரமாக உட்கார்ந்து அழுதார். அழட்டும் என்று விட்டுவிட்டோம். எங்களுக்கும் அப்போது வேறெதுவும் முடியவில்லை.

சனிக்கிழமை கட்டடப் பொறியாளர்கள் வந்து பின்கட்டின் தரையை உடைத்துப் பார்த்தார்கள். நடுத்தூணின் அடித்தளத்துக்குக் கீழே ஒருவர் கையை நுழைத்தார். முழங்கை வரை போனது. மண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்று. இது எதைப் பிடித்துக்கொண்டு இத்தனை நாள் நின்றது என்று எங்களுக்குத் தெரியவில்லை என்றார் அவர். பின்கட்டை இப்போது இடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்குக் கிடைத்த பரிசு என்ன? விருது திரும்பப் பெறப்பட்டது. பட்டயம் சுவரிலிருந்து இறங்கியது. விசாரணைக் குழு ஒன்று உட்கார்ந்தது. வயது நிறைந்துவிட்டதால் இன்று பணி முடிகிறது, ஆனால் பணியைக் குறையின்றி நிறைவு செய்தார் என்ற ஆணை மட்டும் வரவில்லை. விசாரணை முடியும்வரை வராதாம். இப்படி ஒரு நாளில் விழா எடுக்கலாமா என்று எங்களிடம் கேட்டவர்கள் உண்டு. வேறு எந்த நாளில் எடுப்பதாம்?

அம்மையீர்! இனி உங்களிடமே பேசுகிறோம்.

நேர்மையின் நிறைகோலே! நெஞ்சுரத்தின் நெடுங்குன்றே! உங்கள் கடிதத்தை நாங்களும் படித்தோம். நீங்கள் பழக்கியபடி மூன்று முறை படித்தோம். அதில் ஒரு பிழை இருக்கிறது. 'பிழை என்னுடையது மட்டுமே' என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பத்து நான்கு ஆண்டுகளில் நீங்கள் சரிபார்க்காமல் எழுதிய இரண்டாவது வாக்கியம் அது.

பதினொரு ஆண்டு, பதினொரு வரைபடம். ஒவ்வொன்றின் கீழும் 'சரிபார்த்தேன்' என்று எங்களில் இருவர் கையொப்பமிட்டிருக்கிறோம். யாரும் அந்த மாடிக்கு ஏறிப் பார்க்கவில்லை. போதாததற்கு, ஊர் முழுக்க ஒரே எண்ணாக ஏறுகிறதே என்று எங்களில் ஒருவருக்கு இரண்டாண்டுக்கு முன்பே உறுத்தியது. உங்கள் விருதுக் கட்டுரையை எதிர்த்து எப்படிப் பேசுவது என்று பயந்து, அந்தத் தாளை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டார். அவர் தரவுப் பிரிவுத் தோழி. இப்போது இம்மடலை உங்கள்முன் வாசித்துக்கொண்டிருப்பவரும் அவரே. குரல் இடறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளும், பதினொரு வரைபடங்களின் படிகளும், பிழை எங்களுடையதும்தான் என்ற ஒரு பக்கக் கடிதமும் இன்று காலை ஒன்பது மணிக்கு விசாரணைக் குழுவிடம் சேர்ந்துவிட்டன. ஒரு பிழையைப் பதினெட்டுப் பேர் சுமந்தால் உங்கள் தோளுக்கு எவ்வளவு பாரம் குறையும் என்பதை நீங்களே மில்லிகிராமில் கணக்கிட்டுச் சொல்லுங்கள். காலையில் நிம்மதியாகத் தேநீர் குடியுங்கள். தையல் கடையில் போய் உட்கார்ந்து அங்குலக்காரரைத் திருத்தப் பாருங்கள். நோயற்று, அச்சமற்று, எங்களைத் திட்டும் தெம்பு குன்றாமல் நூறாண்டு வாழுங்கள்!

இம்மடலின் கீழுள்ள பதினேழு கையொப்பங்களே அந்தக் கடிதத்தின் கீழும் உள்ளன. வரிசைகூட மாறவில்லை. இரண்டிலும் முதல் கையொப்பம் இயக்குநருடையது. பேனாவை அவரே கேட்டு வாங்கினார்.

இங்ஙனம்,
உங்கள் பெருமைக்கும் பிழைக்கும் பங்காளிகள்,
மையத்தின் பதினேழு பேர்.